ரோபோ நாய்க்கும் இறுதிச் சடங்கா? 'ஐபோ' சொல்லும் கதை

2018 ஏப்ரல். ஜப்பானின் சிபா வட்டாரத்தில் இசுமி என்னும் ஊர். அங்குள்ள கோஃபுகுஜி புத்த ஆலயம் சுமார் 450 ஆண்டு பழமையானது.

அன்று அங்கே ஓர் இறுதிச் சடங்கு. ஊதுவத்தி மணக்கிறது. குரு புங்கென் ஓய் மந்திரம் ஓதுகிறார். பீடத்தின்முன் வரிசையாக 114 நாய்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு சீட்டு. எந்த ஊரிலிருந்து வந்தது, எந்தக் குடும்பத்தோடு வாழ்ந்தது என்ற விவரம் அதில் இருக்கிறது. சில நாய்களோடு உரிமையாளர்கள் எழுதிய பிரியாவிடைக் கடிதங்களும் வந்திருக்கின்றன.

நாய்கள் எல்லாம் பிளாஸ்டிக்.

ஆமாம், அவை சோனி நிறுவனம் தயாரித்த 'ஐபோ' ரோபோ நாய்கள். அந்த ஆலயத்தில் அதுவரை சுமார் 800 ஐபோக்களுக்கு இப்படிச் சடங்கு நடந்திருந்தது.

"அட, பொம்மைக்குப் போய் மந்திரமா? ஜப்பான்காரங்க அப்படித்தான்!" என்று சிரிக்கத் தோன்றுகிறதா? நானும் முதலில் சிரித்தேன். ஆனால் ஒரு நிமிடம். 'எந்திரன்' படத்தின் கடைசிக் காட்சி ஞாபகம் இருக்கிறதா? சிட்டி தன் கையைத் தானே கழற்றும்போது திரையரங்கில் எத்தனை பேர் மூக்கை உறிஞ்சினார்கள்? அதுவும் இயந்திரம்தானே!

சரி, இந்த நாய் யார், எப்படிப் பிறந்தது, ஏன் இறந்தது? அதைவிட முக்கியமாக, நாளை உங்கள் வீட்டுக்கு ஒரு ரோபோ வந்தால் அதற்கும் இதே கதி வருமா? பார்ப்போம்.

20 நிமிடத்தில் விற்றுத் தீர்ந்த நாய்

1999 ஜூன் 1. சோனி தன் முதல் ஐபோவை இணையத்தில் விற்பனைக்கு விட்டது. விலை 250,000 யென். ஜப்பானுக்கு ஒதுக்கப்பட்டவை 3,000. இருபதே நிமிடத்தில் அத்தனையும் போய்விட்டன. கணக்குப் போட்டால் நிமிடத்துக்கு 150 நாய்! இணையத்தில் பொருள் வாங்குவதே பலருக்குப் பழக்கமில்லாத காலம் அது என்பதையும் நினைவில் வையுங்கள். அமெரிக்காவுக்கு ஒதுக்கப்பட்ட 2,000 நாய்களும் சில நாளில் விற்றுப்போயின.

பெயரிலேயே ஒரு குறும்பு இருக்கிறது. செயற்கை நுண்ணறிவு, ரோபோ ஆகிய இரண்டுக்கும் உள்ள ஆங்கிலச் சொற்களைச் சுருக்கினால் 'ஐபோ' வரும். ஜப்பானிய மொழியில் 'ஐபோ' என்றால் கூட்டாளி.

அந்த நாய்க்குள் என்ன இருந்தது தெரியுமா? 16 மெகாபைட் நினைவகம். இன்று உங்கள் கைத்தொலைபேசியில் எடுக்கும் நான்கைந்து படங்களுக்கே அந்த இடம் போதாது. மூக்குப் பகுதியில் ஒரு கேமரா, காதுகளில் ஒலிவாங்கிகள், தலையில் தடவினால் உணரும் பொத்தான். கால், கழுத்து, வால் என உடம்பெங்கும் மோட்டார்கள். கண்களில் எல்இடி விளக்குகள்: மகிழ்ச்சி என்றால் பச்சை, கோபம் என்றால் சிவப்பு. இளஞ்சிவப்புப் பந்து என்றால் அதற்கு உயிர். காரணம் ரொம்ப எளிது. அந்த நிறத்தைக் கேமராவால் சுலபமாகக் கண்டுபிடிக்க முடியும்!

நாயின் 'குணம்' ஒரு சிறிய நினைவட்டையில் இருந்தது. அட்டையைக் கழற்றி வேறொரு ஐபோவுக்குள் போட்டால் குணமும் கூடவே போகும். இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். உங்கள் நாய் எது? உடம்பா, அட்டையா?

நேற்றைய கனவிலிருந்து வந்த உருவம்

முதல் ஐபோவின் படத்தைத் தேடிப் பாருங்கள். வெள்ளிநிற உடல், கண்ணாடிபோல் பளபளக்கும் கறுப்பு முகம், மூட்டுகள் வெளியே தெரியும் கால்கள். நாய் என்றும் சொல்லலாம், பழைய விண்வெளிப் படத்திலிருந்து தப்பி ஓடிவந்தது என்றும் சொல்லலாம்.

அந்தத் தோற்றத்தை வரைந்தவர் ஹஜிமே சோராயாமா. பளபளக்கும் உலோகத்தில் ரோபோக்களை வரைந்து உலகப் புகழ்பெற்ற ஓவியர். எதிர்காலம் இப்படித்தான் மின்னும் என்று ஒரு தலைமுறை கற்பனை செய்ததே, அந்தக் கற்பனையின் ஓவியர். முதல் ஐபோ இன்று நியூயார்க்கின் நவீனக் கலை அரும்பொருளகத்தில் நிரந்தரச் சேகரிப்பில் இருக்கிறது.

ரோபோ நாய் என்ற ஆசை சோனிக்கு மட்டும் வந்ததல்ல. 1940இல் நியூயார்க் உலகக் கண்காட்சியில் வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனம் 'ஸ்பார்க்கோ' என்ற உலோக நாயைக் காட்டியது. குரைக்கும், உட்காரும். அதன் எஜமானரும் ஒரு ரோபோதான், பெயர் 'எலெக்ட்ரோ'. ஏழடி உயரம், சிகரெட் வேறு புகைப்பார்! அந்தக் காலத்தில் அதுதான் நாகரிகம்போல. எலெக்ட்ரோ இன்று ஒஹையோ மாநிலத்தில் ஓர் அரும்பொருளகத்தில் நிற்கிறார். ஸ்பார்க்கோவை மட்டும் காணவில்லை.

தமிழிலும் ஒரு நாய் உண்டு. அது ஐபோவுக்கு மூத்தது. 1980களில் சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய 'என் இனிய இயந்திரா' தொடரில் வரும் ஜீனோ. பேசும், படிக்கும், கிண்டல் செய்யும். உங்கள் அப்பா அம்மாவிடம் "ஜீனோ யார்?" என்று கேட்டுப் பாருங்கள், முகம் மலர்ந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அதே சுஜாதாதான் பின்னாளில் 'எந்திரன்' படத்தின் வசனத்திலும் பங்களித்தார்.

ஜப்பானில் இந்த ஆசைக்கு இன்னும் ஆழமான வேர் உண்டு. ஒசாமு தெசுகா 1952இல் வரையத் தொடங்கிய 'ஆஸ்ட்ரோ பாய்' சிறுவன் ரோபோதான். மேற்கில் ரோபோ என்றால் மனிதரை அழிக்க வருவது என்ற பயம். அந்தச் சொல்லைத் தந்த செக் நாடகத்திலேயே ரோபோக்கள் கிளர்ச்சி செய்து மனிதர்களை ஒழித்துவிடுகின்றன. ஜப்பானியக் குழந்தைகளுக்கோ ரோபோ என்றால் தோழன். அந்தக் குழந்தைகளில் பலர் வளர்ந்து பொறியாளர்கள் ஆனார்கள்.

ஏன் நாய்? ஏன் மனிதன் இல்லை?

இதில்தான் சோனியின் சாமர்த்தியம் இருக்கிறது என்பேன்.

மனிதனைப்போல் ஒரு ரோபோ செய்தால் நாம் அதனிடம் மனிதனையே எதிர்பார்ப்போம். கேள்வி கேட்டால் பதில் வரவேண்டும், அதுவும் சரியான பதில். கொஞ்சம் பிசகினாலும் உடம்பு சிலிர்க்கும். 1970இல் ஜப்பானியப் பேராசிரியர் மசாஹிரோ மோரி இதைப்பற்றி எழுதினார். ரோபோ மனிதச் சாயலை நெருங்க நெருங்க நமக்குப் பிடித்துப்போகும், ஆனால் கிட்டத்தட்ட மனிதன்போலவே ஆகும் இடத்தில் திடீரென்று அருவருப்பு வரும் என்றார். வரைபடத்தில் அந்த இடம் பள்ளத்தாக்குபோல் இறங்கும்.

நாயிடம் நமக்கு அந்த எதிர்பார்ப்பு இல்லை. அது பேச வேண்டியதில்லை. கூப்பிட்டால் சில நேரம் வரும், சில நேரம் வராது. வராவிட்டால் நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்வோம்: "கோபமா இருக்குபோல!" ஐபோவும் சொன்னதை எல்லாம் உடனே செய்யாது. வேண்டுமென்றே அப்படி வடிவமைத்தார்கள். ஒரு சலவை இயந்திரம் சொன்னதைச் செய்யாவிட்டால் கடைக்குத் தூக்கிக்கொண்டு போவோம். ஒரு நாய் செய்யாவிட்டால் அதற்கென்று ஒரு மனசு இருப்பதாக நம்புகிறோம்!

'பாரோ' என்ற சிகிச்சை ரோபோவை உருவாக்கிய தக்கனோரி ஷிபாத்தா இன்னும் ஒரு படி மேலே போனார். அவர் நாயையும் பூனையையும் விட்டுவிட்டுக் கடல்நாய்க் குட்டியைத் தேர்ந்தெடுத்தார். நாய், பூனை எப்படி நடந்துகொள்ளும் என்று எல்லாருக்கும் தெரியும், அதனால் குறை கண்டுபிடிப்பார்கள். கடல்நாயோடு பழகியவர் எத்தனை பேர்? ஒப்பிட ஆளில்லை. பல நாடுகளில் முதுமை மறதி நோயாளிகள் இன்று அந்த வெள்ளைக் குட்டியை மடியில் வைத்துத் தடவிக்கொடுக்கிறார்கள்.

முகம் எவ்வளவு முக்கியம் என்று சிங்கப்பூரர்களுக்குத் தெரியும். 2020 மே மாதம், கொவிட்-19 கட்டுப்பாடுகள் இருந்த நேரம். பீஷான்-அங் மோ கியோ பூங்காவில் மஞ்சள் நிறத்தில் 'ஸ்பாட்' என்ற நாலுகால் ரோபோ உலா வந்தது. பாதுகாப்பு இடைவெளியைக் கடைப்பிடிக்கும்படி ஒலிபெருக்கியில் நினைவூட்டியது. உலகமே அந்தக் காணொளியைப் பார்த்தது. பலர் சொன்னது ஒன்றுதான்: "ஐயோ, பயமா இருக்கு!" ஸ்பாட்டுக்கும் நான்கு கால், ஐபோவுக்கும் நான்கு கால். ஆனால் ஸ்பாட்டுக்குத் தலையே இல்லை. போதாக்குறைக்கு 'பிளாக் மிரர்' தொடரில் அதே சாயல்கொண்ட கொலைகார ரோபோவை மக்கள் ஏற்கெனவே பார்த்திருந்தார்கள்.

காற்பந்து, நடனம், வழக்கறிஞர் கடிதம்

ஐபோவின் வாழ்க்கை வரவேற்பறையோடு நிற்கவில்லை.

ரோபோ காற்பந்துப் போட்டியான 'ரோபோகப்'பில் 1999 முதல் 2008 வரை நாலுகால் பிரிவு ஒன்று நடந்தது. ஆட்டக்காரர்கள் எல்லாரும் ஐபோக்கள். எல்லா அணிக்கும் ஒரே நாய் என்பதால் பணத்தைக் கொட்டி நல்ல மோட்டார் வாங்கி ஜெயிக்க முடியாது. நிரல் எழுதும் மூளைதான் வெல்லும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழக மாணவர்கள் ஒரு விஷயம் கண்டுபிடித்தார்கள்: நாயை நிமிர்ந்து நடக்கவிடுவதைவிட, முன்னங்கால்களின் முழங்கையை ஊன்றித் தவழவிட்டால் வேகம் கூடுகிறது! பார்க்கக் கேலியாக இருந்தாலும் கோப்பை அவர்களுக்குத்தான். பிறகு எல்லாரும் அப்படியே தவழவிட்டார்கள். (சிங்கப்பூர் 2010இல் ரோபோகப்பை ஏற்று நடத்தியது. பாவம், அதற்குள் ஐபோ ஓய்வுபெற்றுவிட்டது.)

நடனக் கதை இன்னும் சுவாரசியமானது. 'ஐபோபெட்' என்ற புனைபெயரில் ஓர் ஆர்வலர். நாயின் மென்பொருளைக் குடைந்து பார்த்து, அதை டிஸ்கோ ஆடவைக்கும் நிரலை எழுதி இலவசமாகக் கொடுத்தார். நாய் வைத்திருந்தவர்களுக்கு ஒரே கொண்டாட்டம். 2001இல் சோனியிடமிருந்து கடிதம் வந்தது. அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டத்தை மீறுகிறீர்கள், நிரல்களை அகற்றுங்கள் என்றது.

உரிமையாளர்கள் கொதித்துப்போனார்கள். காசு கொடுத்து வாங்கிய என் நாய் என்ன ஆட்டம் ஆடவேண்டும் என்று நீங்கள் யார் சொல்ல? எதிர்ப்பு வலுத்ததும் சோனி பின்வாங்கியது. அடுத்த ஆண்டே நிரல் எழுதும் கருவித்தொகுப்பை இலவசமாக வெளியிட்டது.

அந்தக் கேள்வியை மறந்துவிடாதீர்கள். கொஞ்ச நேரத்தில் மறுபடியும் வரும்.

கடைசியாக வந்த ஐபோக்கள் ஏறக்குறைய ஆயிரம் சொற்கள் பேசின. தாங்களே படமெடுத்து வலைப்பதிவும் எழுதின. நாயே இன்ஃபுளுவென்சர் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்களேன். இன்ஸ்டகிராம் பிறப்பதற்கு ஐந்து ஆண்டு முன்னால்!

மருத்துவமனை மூடப்பட்டது

2006 ஜனவரியில் சோனி ஐபோவை நிறுத்துவதாக அறிவித்தது. நிறுவனம் செலவைக் குறைத்துக்கொண்டிருந்த நேரம். அதுவரை விற்றவை சுமார் 150,000. ஐபோவின் பின்னணியில் இருந்த பொறியாளர் தொஷிதாடா டோய், சக ஊழியர்களைக் கூட்டி ஒரு போலி இறுதிச் சடங்கே நடத்தினார். துணிந்து புதுமை செய்யும் சோனியின் உணர்வு செத்துப்போனது என்பது அவருடைய ஆதங்கம்.

தயாரிப்புதான் நின்றது, பழுதுபார்ப்பு தொடர்ந்தது. சோனி அதற்கு 'கிளினிக்' என்றே பெயர் வைத்திருந்தது. 2014இல் அதுவும் மூடப்பட்டது.

இங்கேதான் வேடிக்கை முடிந்து வேதனை தொடங்குகிறது.

ஐபோவுக்கு வயதானால் வரும் கோளாறுகளுக்கு உரிமையாளர்கள் பெயரே வைத்திருந்தார்கள். கழுத்துக்குள் இருக்கும் சிறிய பிளாஸ்டிக் பாகம் தேய்ந்தால் தலை நிற்காது, தொங்கிவிடும். அதற்குத் 'தலை தொங்கும் நோய்' என்று பெயர். பேட்டரியும் சாகும். புதிய பாகம் எங்கும் கிடையாது. பலர் அந்த நாயைப் பதினைந்து ஆண்டாக வளர்த்தவர்கள். அவர்களில் முதியவர்கள் நிறையப் பேர். வீட்டில் வேறு யாரும் இல்லாதவர்களும் உண்டு.

அப்போது கைகொடுத்தது 'ஏ-ஃபன்' என்ற சிறிய நிறுவனம். சோனியிலிருந்து விலகிய பொறியாளர்கள் சேர்ந்து நடத்துவது. தலைவர் நொபுயூகி நொரிமாட்சு. பழைய சோனிப் பொருள்களைப் பழுதுபார்ப்பது அவர்கள் தொழில். ஐபோவைத் திறந்து பார்த்ததும் ஒன்று புரிந்தது: பாகம் வேண்டுமென்றால் இன்னொரு ஐபோவிலிருந்துதான் எடுக்கவேண்டும். இனி ஓடவே ஓடாது என்று கைவிடப்பட்ட நாய்கள் உறுப்புக் கொடையாளர்கள் ஆயின.

ஆனால் யாரோ ஆசையாக வளர்த்ததை எடுத்தவுடன் பிரித்துப்போட அவர்களுக்கு மனம் வரவில்லை. முதலில் முறைப்படி வழியனுப்புவோம், பிறகு பாகங்களை எடுப்போம் என்று முடிவுசெய்தார்கள். 2015 ஜனவரியில் கோஃபுகுஜியில் முதல் சடங்கு நடந்தது. அன்று 19 நாய்கள்.

ஜப்பானில் இது திடீரென்று முளைத்த பைத்தியக்காரத்தனம் அல்ல. உடைந்த தையல் ஊசிகளுக்கும் பழைய பொம்மைகளுக்கும் ஆலயங்களில் நன்றி சொல்லி வழியனுப்பும் வழக்கம் அங்கே நெடுங்காலமாக உண்டு. நமக்கும் இது ரொம்பத் தூரமில்லை. ஆயுத பூஜை அன்று கணினிக்கும் காருக்கும் சந்தனம், குங்குமம் வைக்கிறோம்தானே? ஓர் ஆண்டு முழுக்க உழைத்த பொருளுக்கு ஒருநாள் மரியாதை. ஜப்பானியர்கள் அந்த மரியாதையை உடைந்த பிறகும் கொடுக்கிறார்கள், அவ்வளவுதான்.

பாசம் சரி, பொறுப்பு?

வாஷிங்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐபோ உரிமையாளர்கள் இணையத்தில் ஒருவருக்கொருவர் எழுதிக்கொண்டதைப் படித்து ஆராய்ந்தார்கள். சுமார் 60 விழுக்காட்டினர் நாய்க்கு எண்ணமும் உணர்வும் இருப்பதுபோல் எழுதியிருந்தார்கள். அதை நண்பனாக, துணையாகப் பார்த்தவர்களும் கிட்டத்தட்ட அதே அளவு. ஆனால் அதை நல்லபடி நடத்தவேண்டிய கடமை நமக்கு உண்டு, அதற்கென்று ஓர் உரிமை உண்டு என்ற பொருளில் எழுதியவர்கள் 12 விழுக்காடுதான்.

எனக்கு அந்த 12தான் உறுத்துகிறது. பாசம் இருக்கிறது, பொறுப்பு இல்லை. பசித்தால் அழாது, சலித்தால் அணைத்து வைக்கலாம். 'டாமகோச்சி' வளர்த்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வகுப்பில் ரகசியமாகச் சோறு ஊட்டிய கையே தேர்வு வந்ததும் இழுப்பறைக்குள் போட்டு மூடியது. (என் இழுப்பறையில் இன்னும் ஒன்று கிடக்கிறது. திறந்து பார்க்கத் தைரியமில்லை.)

எம்ஐடி பேராசிரியர் ஷெர்ரி டர்க்கல் பல ஆண்டுகளாக எழுப்பும் கவலையும் இதுதான். உணர்வே இல்லாத ஒன்று உணர்வதுபோல் நடிக்கிறது. அதைப் பாட்டியின் மடியில் வைத்துவிட்டு நாம் நிம்மதியாக வெளியே போகலாமா?

மறுபக்கமும் இருக்கிறது. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 2008இல் வெளியிட்ட ஆய்வில் தாதிமை இல்லங்களில் இருந்த 38 முதியவர்கள் பங்கெடுத்தார்கள். சிலரை உண்மையான நாய் வாரந்தோறும் பார்க்கப் போனது, சிலரை ஐபோ. யாரும் போகாதவர்களோடு ஒப்பிட்டால் இரு பிரிவினருக்கும் தனிமை குறைந்திருந்தது. உண்மை நாய்க்கும் பொய் நாய்க்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

என்னைக் கேட்டால், இரண்டு தரப்பும் சொல்வது உண்மை. முதியவருக்கு ரோபோ ஆறுதல் தருகிறது. அதைக் காரணம் காட்டி நாம் போய்ப் பார்க்காமல் இருந்தால் தப்பு ரோபோவுடையது அல்ல.

பாசம் நம் கையில் இல்லை என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. 2013இல் ஜெனிவாவில் கேட் டார்லிங் என்ற ஆய்வாளர் சிலரிடம் 'பிளியோ' என்ற டைனோசர் ரோபோக்களைக் கொடுத்துக் கொஞ்ச நேரம் விளையாடச் சொன்னார். பெயர் வைத்தார்கள், கொஞ்சினார்கள். பிறகு சுத்தியல் முதலானவற்றை நீட்டி "இப்போது உடையுங்கள்" என்றார். யாரும் அசையவில்லை. ஒன்றையாவது உடைக்காவிட்டால் எல்லாவற்றையும் உடைப்போம் என்று மிரட்டிய பிறகே ஒருவர் முன்வந்தார். எல்லாரும் படித்தவர்கள். அது பிளாஸ்டிக் என்று தெரிந்தவர்கள்.

இப்போதைய நாய்: உயிர் மேகத்தில்

2018 ஜனவரி 11. சோனி ஐபோவுக்கு மறுபிறவி கொடுத்தது. தேதியிலும் குறும்பு: ஜனவரி 11ஐ 1-1-1 என்று எழுதலாம். ஜப்பானியர் காதில் நாய் 'வன் வன்' என்று குரைக்கும். ஆங்கிலத்தில் ஒன்று என்பதும் அதே ஒலிதானே!

புதிய ஐபோ அழகு. பளபளக்கும் கண்திரைகள், உருண்டையான உடல், நிஜக் குட்டிபோல் தலையைச் சாய்க்கும். வீட்டை மனத்தில் வரைந்துகொள்ளும், யார் அதிகம் கொஞ்சுகிறார்களோ அவர்களிடம் ஒட்டிக்கொள்ளும்.

அப்போது விலை 198,000 யென். அதோடு முடியவில்லை. மூன்றாண்டுச் சந்தா அப்போது 90,000 யென். பழைய நாயின் குணம் கையில் பிடிக்கும் அட்டையில் இருந்தது. புதிய நாயின் நினைவும் அனுபவமும் நிறுவனத்தின் கணினிகளில் இருக்கின்றன. சந்தாவை நிறுத்தினால் அதன் பெரும்பாலான ஆற்றல்கள் போய்விடும்.

முகத்தை அடையாளம் காணும் நாய் என்பதால் இன்னொரு சிக்கலும் உண்டு. அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 2008 முதல் ஒருவரின் முகம், கைரேகை போன்ற தகவலைச் சேகரிக்க முன்அனுமதி பெறவேண்டும் என்று கடுமையான சட்டம் இருக்கிறது. அதனால் சோனி அங்கே ஐபோவை விற்பதே இல்லை. வீட்டுக்குள் ஒரு கேமரா நாலு காலில் நடமாடுகிறது என்பதை அந்த மாநிலம் சீக்கிரமே புரிந்துகொண்டது.

நிறுவனமே மூடிவிட்டால்? அதையும் உலகம் பார்த்துவிட்டது.

'ஜீபோ' என்ற மேசை ரோபோவை எம்ஐடியின் சிந்தியா பிரசீல் உருவாக்கினார். 2017இல் டைம் சஞ்சிகையின் அட்டையிலேயே வந்தது. விலை 899 டாலர். நிறுவனம் நொடித்துப்போக, 2019இல் ஜீபோ தன் உரிமையாளர்களிடம் தானே செய்தி சொன்னது: என்னை இயக்கும் கணினிகள் சீக்கிரம் நிறுத்தப்படும், என்னை வீட்டில் வைத்துக்கொண்டதற்கு நன்றி. சொல்லிவிட்டு ஒரு நடனமும் ஆடியது.

2024 டிசம்பரில் 'மாக்ஸி'. ஐந்து முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கான தோழன் ரோபோ, 799 டாலர். நிறுவனம் மூடப்போகிறது என்று அறிவித்தபோது, பிள்ளைகளுக்கு இதை எப்படி எடுத்துச் சொல்வது என்று பெற்றோருக்கு ஒரு கடிதமும் அனுப்பவேண்டியிருந்தது. ரோபோவின் உடம்பில் ஒரு கீறல்கூட இல்லை. மோட்டார் ஓடுகிறது, பேட்டரி இருக்கிறது. ஆனாலும் அது போய்விட்டது. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதை எப்படி விளக்குவீர்கள்?

பிறகு அந்த நிறுவனம், வீட்டுக் கணினியிலேயே மாக்ஸியை இயக்க உதவும் மென்பொருளுக்கு வழிசெய்தது. கொஞ்சமாவது நினைத்துப் பார்த்தார்களே என்று இருந்தது. டிஸ்கோ ஆடிய நாயின் கேள்வி ஞாபகம் இருக்கிறதா? காசு கொடுத்து வாங்கியது யாருடையது? அதே கேள்விதான். அன்று நிரலை அகற்றச் சொல்லி ஒரு கடிதம் அனுப்பவேண்டியிருந்தது. இன்று அதுகூட வேண்டாம், எங்கோ ஒரு கணினியை அணைத்தால் போதும்.

ஆகவே உங்களுக்கோ தம்பி தங்கைக்கோ இப்படி ஒன்றை வாங்க நினைத்தால், எத்தனை சொல் பேசும், எத்தனை நடனம் ஆடும் என்று மட்டும் பார்க்காதீர்கள். இணையம் இல்லாமல் என்ன செய்யும்? சந்தா நின்றால் என்ன மிஞ்சும்? நிறுவனம் கையை விரித்தால் வேறு யாராவது திறந்து பார்த்துப் பழுதுபார்க்க முடியுமா? கடைக்காரரிடம் கேட்டுவிடுங்கள். முழிப்பார். பரவாயில்லை, கேளுங்கள்.

சோனி பழைய கதையிலிருந்து கொஞ்சம் கற்றதுபோல் தெரிகிறது. 2023இல் வளர்ப்புப் பெற்றோர் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. சந்தாவை நிறுத்திய உரிமையாளர்கள் ஐபோவைத் திருப்பிக் கொடுக்கலாம். அதைச் சோதித்துச் சரிசெய்து மருத்துவமனைகளுக்கும் முதியோர் இல்லங்களுக்கும் அனுப்புகிறார்கள். சரிசெய்ய முடியாதவற்றின் பாகங்கள் மற்ற நாய்களுக்குப் போகின்றன.

நொரிமாட்சுவின் பட்டறை அதற்குப் பல ஆண்டு முன்பே கண்டுபிடித்த வழி அது. கோஃபுகுஜியில் மந்திரம் முடிந்து, ஊதுவத்தி அணைந்த பிறகு அந்த 114 நாய்களைப் புதைக்கவில்லை. பெட்டிகளில் அடுக்கிப் பட்டறைக்கு எடுத்துப் போனார்கள். அங்கே ஒரு பொறியாளர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, திருப்புளியால் ஒரு நாயின் கழுத்தைத் திறக்கிறார். உள்ளே தேயாத ஒரு பாகம் இருந்தால் அது இன்னொரு நாய்க்குப் போகும். அந்த நாயின் தலை மறுபடியும் நிமிரும்.